லிக்விட் கிரிஸ்டல் ஸ்ப்ரே: 35 டிகிரி பாட்டில் வாங்கி பட்ட பாடும், அப்புறம் வாங்கின 40 டிகிரி பாட்டிலும்

முதல்லயே சொல்லிடுறேன், இது டிவி மானிட்டர்ல இருக்கிற லிக்விட் கிரிஸ்டல் பத்தின ரிவ்யூ இல்ல. சூட்டுக்கு ஏத்த மாதிரி கலர் மாறுமே, அந்த திரவம். மீன் தொட்டி கண்ணாடில ஒட்டுற பட்டை தெர்மாமீட்டர், குழந்தைங்க நெத்தில வச்சு காய்ச்சல் பாக்குற பட்டை, ஒரு காலத்துல திருவிழாக் கடைல வித்த "மனசு மாறினா கலர் மாறும்" மோதிரம், இதுக்குள்ள எல்லாம் இருக்கிறது இந்த சரக்குதான். அதையே லேப் வேலைக்குன்னு சின்னச் சின்ன உறைக்குள்ள அடைச்சு, தண்ணில கலந்து, 100 மில்லி பாட்டில்ல விக்குறாங்க. நான் ரெண்டு பாட்டில் வாங்கினேன், ஒன்னு 35 டிகிரி, இன்னொன்னு 40 டிகிரி. கேஸ் டர்பைன் (கரண்ட் எடுக்கவும் விமானம் ஓட்டவும் உதவுற இன்ஜின்) பிளேடுக்கு உள்ள ஓடுற கூலிங் காத்து எங்க நல்லா குளிர வைக்குது எங்க கோட்டை விடுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் ஆராய்ச்சி. கம்பெனி பேரு போடல, சரக்கு மேல எனக்கு பெரிய புகார் ஒன்னும் கிடையாது, பாதி தப்பு என்னுதுதான், மீதி தப்பு மே மாசத்துது.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். இன்னைக்கு வர்ற பெரிய கேஸ் டர்பைன்ல பிளேடு மேல வந்து மோதுற கேஸோட சூடு 1600 டிகிரியைத் தொடுது, மிட்சுபிஷியோட ஜே வகை டர்பைனுக்கு அதுதான் கணக்கு. பிளேடு செஞ்சிருக்கிற நிக்கல் கலவை அதுக்கு முன்னாடியே, 1300 சொச்சத்துலயே உருக ஆரம்பிச்சிரும். உருகாம எப்படி நிக்குதுன்னா, கம்ப்ரஸர்லேர்ந்து கொஞ்சம் காத்தைத் திருடி பிளேடு வயித்துக்குள்ள விடுறாங்க. அந்தக் காத்தே ஜில்லுனு எல்லாம் இருக்காது, அதுவே சில நூறு டிகிரி இருக்கும், ஆனா வெளிய இருக்கிற சூட்டோட பாத்தா அது பிளேடுக்கு பானைத் தண்ணி மாதிரி. இந்த ஐடியா ஒன்னும் புதுசு இல்ல, ரெண்டாம் உலகப்போர் கடைசில ஜெர்மன்காரன் ஜூமோ 004 இன்ஜின்ல உள்ள கூடு விட்ட பிளேடு போட்டு காத்து விட்டான், நிக்கல் கிடைக்காத தட்டுப்பாடு அவனை அங்க கொண்டு போய் விட்டுச்சு. இப்ப பிளேடுக்குள்ள பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற பாதை, பாதைச் சுவர்ல குறுக்க சின்னச் சின்ன மேடு. அந்த மேட்டுக்குப் பேரு ரிப். வழவழன்னு ஓடுற காத்தைத் தட்டிக் கலக்கிவிட்டா சூட்டை நல்லா வாரிக்கிட்டுப் போகும், அதுக்குத்தான்.

பிரச்சினை என்னன்னா பிளேடோட மெட்டல் டெம்பரேச்சரை ஒரு 30 டிகிரி தப்பா கணிச்சாலே அதோட ஆயுசு பாதியாயிரும்னு இந்தத் துறைல ஒரு கணக்கு சொல்லுவாங்க. அதனால "சராசரியா இவ்ளோ குளிருது"ன்னு சொன்னா பத்தாது, எந்த இடத்துல எவ்ளோங்கிற மேப் வேணும். நிஜ பிளேடுக்குள்ள அந்தப் பாதை சில மில்லிமீட்டர்தான், எட்டிப் பாக்கவே முடியாது. அதனால அதையே பல மடங்கு பெருசாக்கி அக்ரிலிக்ல செஞ்சு, ரெனால்ட்ஸ் நம்பரை (வேகம், அளவு, காத்தோட பிசுபிசுப்பு மூணையும் சேர்த்து ஓட்டம் எப்படின்னு சொல்ற எண்) மட்டும் பொருத்தி, சாதா காத்து விட்டுப் பாக்குறோம். என்னோட சேனல் 60க்கு 60 மிமீ சதுரம், ரிப் 6 மிமீ, ரிப்புக்கு ரிப் 60 மிமீ இடைவெளி, நடுவுல ஒரு யு வளைவு. இந்த அளவு நானா யோசிச்சது இல்ல, டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல ஜே.சி. ஹான் குரூப் 1980கள்லேர்ந்து போட்டுத் தள்ளின டேட்டாவோட ஒப்பிட வசதியா இருக்கட்டும்னு எடுத்தது, ரிப் உயரம் சேனல்ல பத்துல ஒரு பங்கு, இடைவெளி உயரத்தைப் போல பத்து மடங்கு.

சரி பாட்டிலுக்கு வருவோம். தொறந்தா உள்ள இருக்கிறது அசல் நீர்மோர் மாதிரி இருக்கும். நெஜமாவே. கொஞ்சம் கெட்டியா, வெள்ளையா. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், உறையக் கூடாது, உறைஞ்சா அந்தக் குட்டி உறைங்க உடைஞ்சு சரக்கு வீணாயிரும். எங்க லேப் ஃப்ரிட்ஜ்ல ஜூனியருங்க தயிரும் ஜூஸும் வைப்பாங்க, முதல் வாரமே ஒருத்தன் "அண்ணா இது யாரோட மோர்"னு கேட்டான், அன்னைக்கே கொட்டை எழுத்துல "இது மோர் இல்ல, தொட்டா கை இருக்காது"ன்னு எழுதி ஒட்டிட்டேன்.

கலர் எப்படி வருதுன்னா இதுல சாயமே கிடையாது. உள்ள மூலக்கூறுங்க முறுக்குன கயிறு மாதிரி சுத்திச் சுத்தி அடுக்கியிருக்கும், அந்த முறுக்கோட நீளத்துக்குப் பொருந்துற அலைநீள வெளிச்சம் மட்டும் திரும்பி வரும், சூடு ஏற ஏற முறுக்கு மாறும், அதனால முதல்ல செவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம், அதுக்கும் மேல போனா ஒன்னும் இல்லாம போயிடும். 1888ல ரெய்னிட்ஸர்னு ஒரு ஆஸ்திரிய தாவரவியல்காரர் கொழுப்புச் சத்துலேர்ந்து எடுத்த ஒன்னைச் சூடாக்கும்போது இது ரெண்டு தடவை உருகுதேன்னு முழிச்சாரு பாருங்க, அங்க தொடங்கின கதை. பாட்டில் மேல ஆர் 35 சி 1 டபிள்யூன்னு போட்டிருந்தா 35 டிகிரில செவப்பு ஆரம்பிக்கும், அடுத்த ஒரு டிகிரில நீலம் ஆரம்பிச்சிரும்னு அர்த்தம். ஒரு டிகிரி அகலம் உள்ளதுக்கு குறுகின பேண்ட்னு பேரு. அகலமா 5, 10, 20 டிகிரின்னும் கிடைக்கும், அது வேற வேலைக்கு.

இப்ப என் வேலைக்கு ஏன் குறுகினது? ரூம் சூட்டுல இருக்கிற அக்ரிலிக் சேனலுக்குள்ள திடீர்னு சூடான காத்தை விடுறோம். நிஜ பிளேடுல சுவர் சூடு, காத்து குளிர், இங்க தலைகீழ், ஆனா எந்த இடத்துல சூடு வேகமா கைமாறுதுங்கிறதுதான் நமக்கு வேணும், அது ரெண்டுலயும் ஒன்னுதான். சுவர் மெதுவா சூடாகும். எந்த இடத்துல காத்து நல்லா ஒரசுதோ அந்த இடம் சீக்கிரம் குறிப்பிட்ட டெம்பரேச்சரைத் தொடும், அங்க பச்சை சீக்கிரம் வரும். ஒவ்வொரு புள்ளிலயும் பச்சை எத்தனாவது செகண்ட்ல வந்துச்சுன்னு வீடியோவுல பாத்தா அதுலேர்ந்து ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்கை எடுத்துடலாம். அக்ரிலிக் சூட்டைக் கடத்துறதுல மகா சோம்பேறி, அதனால கொஞ்ச நேரத்துக்கு அதை முடிவே இல்லாத தடிமன் உள்ள சுவர்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடலாம். இந்த முறையை 1980கள்ல ஆக்ஸ்ஃபோர்டுல டெரி ஜோன்ஸும் பீட்டர் அயர்லாந்தும் வளர்த்தெடுத்தாங்க, இன்னைக்கும் பிளேடு கூலிங் லேப்ல நிறையப் பேரு இதோட ஏதோ ஒரு வகையைத்தான் ஓட்டுறாங்க.

இப்ப என் முதல் கூத்து. பாட்டிலோட வந்த துண்டுச் சீட்டுல முதல்ல கறுப்பு பெயிண்ட் அடி, அது மேல கிரிஸ்டல் அடின்னு போட்டிருந்துச்சு. கறுப்பு பின்னணி இல்லாட்டி கலரே தெரியாது, அது சரி. நான் சேனல் உள்பக்கம் கறுப்பு அடிச்சேன், காஞ்சதும் மேல கிரிஸ்டல் அடிச்சேன், நாலு கோட்டு, அவ்ளோ அழகா. மூடியைப் போட்டு கேமராவை வெளிய வச்சு ப்ளோயரை ஓட விட்டா, கறுப்பு. ரெண்டு நிமிஷம் கழிச்சும் கறுப்பு. அட, வெளிய இருந்து அக்ரிலிக் வழியா பாக்குறப்ப முதல்ல கறுப்புதானே தெரியும், கிரிஸ்டல் அதுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு இருக்கு. சீட்டு எழுதினவன் நேரா பாக்குறவனுக்கு எழுதியிருக்கான், முதுகுப் பக்கம் இருந்து பாக்குறவனுக்கு வரிசையை மாத்தணும், முதல்ல கிரிஸ்டல், அது மேல கறுப்பு. எங்க சார் வந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லல, "அமாவாசை நல்லா இருக்குப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு நான் சுரண்டின சுரண்டல் என் எதிரிக்கும் வேணாம்.

கறுப்பு பெயிண்ட்ல இன்னொரு விஷயம், தண்ணில கரையுற பெயிண்ட்தான் வாங்கணும். தின்னர் போட்ட பெயிண்ட் அக்ரிலிக் மேல பட்டா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா விரிசல் விடும். இது எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சதுக்குக் காரணம் அக்ரிலிக் கடை பாய். போர்டு, ஷீல்டு, ஆபீஸ் நேம் பிளேட் எல்லாம் செய்ற சின்னக் கடை, அவரு என் டிராயிங்கைப் பாத்துட்டு "இது என்னா தம்பி, எலிப்பொறியா"ன்னாரு. ஆனா ஒட்டு வேலை பாருங்க, குளோரோஃபார்மை ஊசில எடுத்து மூட்டு ஓரமா விட்டா அது தானா உள்ள இழுத்துக்கும், குமிழ் ஒன்னு இல்லாம கண்ணாடி மாதிரி ஒட்டிக்குது. லேசர்ல வெட்டின ஓரத்துல அப்படியே குளோரோஃபார்ம் விட்டா விரிசல் விடும், ஓரத்தைத் தேய்ச்சு பாலிஷ் பண்ணிட்டுத்தான் விடணும்னு அவர்தான் சொன்னாரு. காரணம், லேசர் சூட்டுல ஓரம் இறுகிப்போய் உள்ளுக்குள்ள இழுவிசையோட நிக்கும், சால்வண்ட் பட்டதும் அது பிச்சுக்கும். பாய்க்கு தியரி தெரியாது, ஆனா வீணாப்போன ஷீட் கணக்கு தெரியும்.

ஒரே ஒரு தகராறு தடிமன்ல. நான் கேட்டது 20 மிமீ ஷீட், வந்ததை வெர்னியர் வச்சு பாத்தா 18.5. "இதுக்குத்தான் 20னு பேரு தம்பி, மார்க்கெட்ல எல்லாம் இப்படித்தான்"னு சொல்லிட்டாரு. ஒன்றரை மில்லிமீட்டர்ல என்ன போச்சுன்னு நினைப்பீங்க. அந்த முடிவில்லாத சுவர் கணக்கு செல்லுற நேரம் தடிமனோட வர்க்கத்துல போகுது, 20ன்னா 230 செகண்ட் கிட்ட கிடைக்கும், 18.5ன்னா 200 கூடத் தேறாது. அதிக ஸ்பீடுல ஒரு பாதிப்பும் இல்ல. ஆனா ரெனால்ட்ஸ் நம்பர் 10,000ல, ரிப் இல்லாத வழுவழு சேனல்ல பச்சை வர்றதுக்கே 200 செகண்ட் மேல ஆகும், அந்த ஒரு கேஸ் எனக்கு அந்த ஷீட்ல போச்சு. அதனால யாரு செஞ்சாலும் ஷீட்டை அளந்துட்டு கணக்குப் போடுங்க, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி.

சரி, 35 டிகிரி கதை. வெளிநாட்டு பேப்பர் எல்லாத்துலயும் 30, 35னு போட்டிருந்தாங்க, நானும் 35 ஆர்டர் போட்டேன். அவங்க லேப் 20 டிகிரில இருக்கும். நம்ம லேப் சென்னைல, மொட்டை மாடிக்கு நேர் கீழ, ஏசி ஒன்னு, அதுவும் ஸ்பிளிட் இல்ல, ஜன்னல் ஏசி, ஓடுறப்ப ப்ளோயர் எது ஏசி எதுன்னு தெரியாது. டிசம்பர்ல பாட்டில் வந்தப்ப (கஸ்டம்ஸ்ல மாட்டி சேஃப்டி ஷீட் குடுத்து எடுத்தது தனிக் கதை) எல்லாம் பிரமாதமா இருந்துச்சு, கலிபரேஷன் (எந்தக் கலர் எத்தனை டிகிரின்னு அளந்து வைக்கிறது) பண்ணேன், ரெண்டு ட்ரையல் ரன் பண்ணேன், மனசுல தீசிஸ் முடிச்சுட்டேன். மெயின் ரன் தள்ளிப் போச்சு, மெஷ் ஹீட்டர் (காத்தைச் சூடாக்குற கம்பி வலை) வர லேட்டு. மே வந்துருச்சு. ஒரு மத்தியானம் கரண்ட் கட். வந்து பாக்குறேன், ப்ளோயர் ஓடல, ஹீட்டர் ஓடல, யாரும் எதையும் தொடல, முழு சேனலும் பச்சைப் பசேல்னு ஜொலிக்குது, கிளிக் கூட்டம் வந்து உக்காந்த மாதிரி. ஜன்னல் பக்கம் இருந்த சுவர் நீலத்தைத் தாண்டி கறுத்தே போச்சு. டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டெஸ்ட்டை வெயில் முடிச்சு வச்சிருச்சு. கரண்ட் இருந்தாலும் ஏசி போட்டு 31க்குக் கீழ இறங்கல, ஆரம்ப சூட்டுக்கும் கலர் வர்ற சூட்டுக்கும் நடுவுல நாலு டிகிரிதான்னா தெர்மோகப்பிள்ல (ஒரு புள்ளில சூடு அளக்குற ஒயர்) கால் டிகிரி தப்பு வந்தாலும் ஆன்சர் தலைகீழா போகும்.

அதனால என் முதல் அட்வைஸ், பாட்டிலை வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரூம்ல ஒரு தெர்மாமீட்டரை மாட்டி ஏப்ரல் மே எவ்ளோ போகுதுன்னு பாருங்க, அதுக்கு மேல பத்து டிகிரி தள்ளி வாங்குங்க. நான் அப்புறம் வாங்கின 40 டிகிரி பாட்டில்தான் வேலையை முடிச்சுக் குடுத்துச்சு. ரூம் 30, காத்து 62, கலர் 40, அதாவது மொத்த தூரத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட பச்சை வருது, அது கணக்குக்கு நல்ல இடம். ரொம்ப முன்னாடியும் இல்ல, ரொம்ப லேட்டும் இல்ல.

அடிக்கறது பத்தி. கேக் மேல கலர் அடிக்கிற ஏர்பிரஷ் இருக்குல்ல, அதுவே போதும். கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, பழைய வேட்டித் துணில வடிகட்டி, தூரமா வச்சு மெல்லிசா பல கோட்டு. ஒரே கோட்டுல தடிமனா அடிச்சா ஒழுகும், ஒழுகின இடம் கலர் லேட்டா காட்டும், அப்புறம் நீங்க அதை ஃபிளோ ஃபிசிக்ஸ்னு நினைச்சு பேப்பர் எழுதிடுவீங்க. என் முதல் படத்துல ஒரு அழகான வால் மாதிரி தெரிஞ்சுச்சு, ரெண்டு நாள் அது என்ன வார்ட்டெக்ஸ் (காத்துச் சுழல்)னு மண்டையை உடைச்சேன், ஒழுகல். 100 மில்லில என் ரெண்டு சுவரும் ரெண்டு தடவை அடிக்க முடிஞ்சுச்சு, இன்னும் மிச்சம் இருக்கு.

கலிபரேஷன் கண்டிப்பா நீங்களே பண்ணணும், லேபிளை நம்பாதீங்க. கலர் வெளிச்சத்தையும் பாக்குற கோணத்தையும் வச்சு மாறும். அலுமினியத் தகட்டுல அதே கிரிஸ்டலை அடிச்சு, ஒரு முனைல சூடு மறு முனைல தண்ணி, நடுவுல வரிசையா தெர்மோகப்பிள், தகட்டுல வானவில் கோடு கோடா நிக்கும், அதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அதே கேமரா, அதே லைட், அதே கோணம், முன்னாடி அதே அக்ரிலிக் துண்டு. நான் முதல்ல ஃபோன்ல எடுத்தேன், ஃபோன் ரொம்ப புத்திசாலி, பச்சை அதிகமா வந்தா அதுவா ஒயிட் பேலன்ஸ் மாத்தி "சரி" பண்ணிக்குது. எல்லாத்தையும் மேனுவல்ல பூட்டி வைக்கிற கேமரா வேணும். லைட்டு சூடு குடுக்காத எல்இடி, அதுவும் டிசில ஓடுறது, மெயின்ஸ்ல மாட்டின சீப் எல்இடி வீடியோவுல பட்டை பட்டையா துடிக்கும். இன்னொரு சின்ன தந்திரம், ஹீட்டர் சுவிட்சோட ஒரு குட்டி இண்டிகேட்டர் பல்பைச் சேர்த்து அதை கேமரா ஓரத்துல தெரியற மாதிரி வச்சிருங்க, பல்பு எரிஞ்ச ஃப்ரேம்தான் உங்க பூஜ்யம் செகண்ட்.

ஹீட்டர்னு சொன்னேனே, மெல்லிசான ஸ்டீல் வலையை சேனல் வாயில கட்டி, வெல்டிங் செட்லேர்ந்து கம்மி வோல்ட் அதிக ஆம்ப் குடுத்தா வலை உடனே சூடாகும், காத்தும் உடனே சூடாகும். என் ஃபிளோவுக்கு ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல தேவைப்பட்டுச்சு. இருந்தாலும் ஏணி ஏறின மாதிரி ஒரே தூக்கு தூக்காது, கொஞ்சம் சரிவாத்தான் ஏறும், போகப் போக காத்து சூட்டையும் இழக்கும், அதனால உள்ள பல இடத்துல தெர்மோகப்பிள் வச்சு அந்த மாற்றத்தைத் துண்டு துண்டா கூட்டிக் கணக்குப் போடணும்.

இப்ப அந்த வீடியோ. எல்லாம் சரியா அமைஞ்சு 40 டிகிரி பாட்டிலோட முதல் நல்ல ரன், ரெனால்ட்ஸ் நம்பர் 30,000, காத்து செகண்டுக்கு ஒன்பது மீட்டர் சொச்சம். பல்பு எரியுது. ஒன்னு, ரெண்டு, மூணு, சுவர் கறுப்பா இருக்கு. அஞ்சாவது செகண்ட்ல ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவுல, ரிப்பை ஒட்டி இல்ல, கொஞ்சம் தள்ளி, ஒரு 25 மிமீ தாண்டி, செவப்பா ஒரு கீத்து. உடனே பச்சை. ரிப் மேல ஏறி எகிறின காத்து மறுபடி சுவர்ல வந்து விழுற இடம் அது, ரிப் உயரத்தைப் போல நாலு அஞ்சு மடங்கு தூரம்னு புஸ்தகத்துல படிச்சது, கண்ணு முன்னாடி பச்சையா எழுதிக் காட்டுச்சு. அப்புறம் அந்தக் கீத்து ரெண்டு பக்கமும் அகலமாச்சு. ரிப்புக்கு நேர் பின்னாடி மட்டும் ஒரு கறுப்புப் பட்டை கடைசி வரைக்கும் அழிய மாட்டேங்குது, அங்க காத்து சுத்திக்கிட்டே இருக்கு, வெளிய போற வழி தெரியாம. வளைவைத் தாண்டினதும் வெளிச்சுவர் பக்கம் படார்னு பச்சை, உள்பக்கம் நடுத்தடுப்போட முனைக்குப் பின்னாடி இருட்டு. ரிப் இல்லாத சேனல்ல பச்சை வர 35 செகண்ட் மேல ஆச்சு, இங்க அஞ்சு ஆறு. குளிர்விப்பு கூடினா நேரம் அதோட வர்க்கத்துல குறையும்ங்கிறதால அது குளிர்விப்புல இரண்டரை மடங்கு. சார் பின்னாடி நின்னு பாத்துட்டு "இன்னொரு தடவை போடு"ன்னாரு. போட முடியாது சார், அக்ரிலிக் உள்ள வரைக்கும் பழைய சூட்டுக்குத் திரும்ப மணிக்கணக்கா ஆகும். ஒரு நாளைக்கு ரெண்டு ரன், அவ்ளோதான். வீடியோவைத்தான் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

தெர்மோகப்பிள் வச்சு பண்ணியிருந்தா அதே சுவர்ல ஒரு இருபது புள்ளி கிடைச்சிருக்கும், அந்தக் கறுப்புப் பட்டை ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். என்னைப் பொறுத்தவரை காசு குடுத்தது அந்தப் பட்டைக்குத்தான்.

குறை இல்லாம இல்ல. ரிப்போட அடி மூலைல வர்ற நம்பரை நான் நம்ப மாட்டேன், அங்க சூடு ஒரே திசைல உள்ள போகாது, ரிப்லேர்ந்தும் பக்கவாட்டுலயும் வரும், நம்ம கணக்கு நேர் கோட்டுக் கணக்கு. அதே மாதிரி நிஜ பிளேடு சுத்தும், சுத்துறப்ப கோரியோலிஸ் விசை காத்தை ஒரு சுவர் பக்கம் தள்ளும், ஒரு பக்கம் நல்லா குளிரும் மறு பக்கம் மோசமாகும், அது நிக்குற மாடல்ல தெரியவே தெரியாது. அது பாட்டிலோட குத்தம் இல்ல, என் பட்ஜெட்டோட குத்தம். கிரிஸ்டலும் சூடு பட்டுப் பட்டு, வெயில்ல இருக்கிற யுவி பட்டுப் பட்டு மங்கும். நான் வாரத்துக்கு ஒரு தடவை கலிபரேஷன் செக் பண்ணேன், ரெண்டு மாசத்துல பச்சை கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு, ரன் இல்லாதப்ப மேல கறுப்புத் துணி போட்டு மூட ஆரம்பிச்சதும் அது நின்னுச்சு.

வேற வழி இல்லையான்னு கேட்டா இருக்கு. ஐஆர் கேமரா (சூட்டையே படம் பிடிக்கிற அகச்சிவப்பு கேமரா) வச்சிருக்கிறவங்க ஏன் இந்த மோர் வேலைன்னு கேப்பாங்க, ஆனா அக்ரிலிக் நம்ம கண்ணுக்குத்தான் கண்ணாடி, ஐஆர் கேமராவுக்கு அது செங்கல் சுவர், உள்ள பாக்க துத்தநாக செலினைடு மாதிரி ஸ்பெஷல் ஜன்னல் வைக்கணும், அந்த விலைக்கு பாட்டில் பெட்டியா வாங்கலாம். ஒட்டுற ஷீட்டா கிரிஸ்டல் கிடைக்குது, சமதள சுவருக்கு சூப்பர், வேலையும் சுத்தம், ஆனா ரிப் ஓரத்துலயும் வளைவுலயும் மடிஞ்சு குமிழ் விடும். பழைய ஆளுங்க நாஃப்தலீன் முறைல பண்ணியிருக்காங்க, சுவரையே பாச்சை உருண்டை சரக்குல வார்த்து, காத்து விட்டு, எந்த இடம் எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு அளந்து அதுலேர்ந்து ஹீட் டிரான்ஸ்ஃபருக்குப் போறது. ரிசல்ட் ரொம்பத் துல்லியமா வரும், எங்க சார் அப்படித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாரு. அவரு சட்டைல இன்னும் அந்த வாசனை இருக்கிறதா ஒரு பேச்சு உண்டு, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

விலை? ஒரு நல்ல ஃபோன் வாங்குற காசு, அதோட கூரியர், அதோட டூட்டி. ஸ்டூடண்ட் கைக்காசுல முடியாது, பிராஜெக்ட் கிராண்ட்ல போடலாம். பில் பாஸ் பண்ற செக்ஷன்ல "பெயிண்ட்டுக்கா இவ்ளோ"ன்னு திருப்பி அனுப்பினாங்க, "டெம்பரேச்சர் சென்சார், திரவ வடிவம்"னு மாத்தி எழுதினதும் பாஸ் ஆயிடுச்சு, பொய்யும் இல்ல.

பாட்டிலுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். சீட்டுல பின்பக்கமா பாக்குறவனுக்கு ஒரு வரி எழுதியிருந்தா அஞ்சு குடுத்திருப்பேன். பாய் கடைக்கு நாலரை, அந்த அரை ஸ்டார் ஒன்றரை மில்லிமீட்டர்ல போச்சு. ரன் எல்லாம் முடிஞ்சப்புறம் அவருக்கு அந்த வீடியோவை ஃபோன்ல காட்டினேன், முழுசா பாத்துட்டு, பச்சையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, "ஒட்டு எங்கயும் லீக் ஆகல பாத்தியா"ன்னாரு.

35 டிகிரி பாட்டில்ல இன்னும் 30 மில்லி கிட்ட மிச்சம் இருக்கு. தேதி தாண்டிருச்சு, அளவு எடுக்க உதவாது, ஆனா பசங்களுக்கு டெமோ காட்ட நல்லாவே கலர் வருது. யாருக்காவது வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, சென்னைக்குள்ள நேர்ல வந்து வாங்கிக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் காலேஜ் லேப் வச்சிருக்கிறவங்களுக்கு முன்னுரிமை.